தகரக் கூரைக்குக் கீழே ஒரு ரைசன் 5600: ஓவர்கிளாக் செய்த அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்றில், லயத்து வீட்டு முன்னறையில் ஓடும் கம்ப்யூட்டர் இது. கல்யாணம், காதணி விழா, தைப்பூசம், தோட்டத்துக் கோயில் திருவிழா என்று எல்லாவற்றையும் படமெடுத்து எடிட் செய்து கொடுக்கும் தம்பி ஒருவருடையது. ரைசன் 5 5600 ப்ராசசர், ஏ520 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, பெயரில்லாத ஒரு பவர் சப்ளை. கடையில் மொத்தமாகச் சேர்த்து விற்ற செட்.

எடிட் முடிந்த படத்தை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எக்ஸ்264 என்ற முறையில் சுருக்கித்தான் வாடிக்கையாளருக்குக் கொடுப்பார். கிராஃபிக்ஸ் கார்டு வழியாகச் சுருக்கினால் சீக்கிரம் முடியும். ஆனால் அதே ஃபைல் அளவில் பட்டுப்புடவைச் சரிகையும் அட்சதை பறக்கிற காட்சியும் கட்டங்கட்டமாக உடைந்துபோகின்றன. அதனால் எக்ஸ்264தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. எக்ஸ்264 முழுக்க முழுக்க ப்ராசசரின் வேலை.

அவர் என்னிடம் கேட்டது, "அண்ணே, 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏத்திவிட முடியுமா?" ப்ராசசரைத் தொழிற்சாலை வைத்த வேகத்துக்கு மேலே ஏற்றும் இந்த வேலைக்குத்தான் ஓவர்கிளாக் என்று பெயர். அதோடு போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். ஒரே படம் இரவில் சீக்கிரம் முடிகிறது, மதியத்தில் இழுக்கிறது. அந்த இரண்டாவது பேச்சில்தான் விஷயமே இருந்தது.

ஒரே ஃபைலை, ஒரே செட்டிங்கில், இரண்டு வேளையும் ஓட்டிப் பார்த்தோம். இரவு பதினொரு மணிக்கு மேல் 47 நிமிடம். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு 52 நிமிடம். அறைக்குள் மதிய வெப்பம் 35 டிகிரி. வெப்பத்தையும் வேகத்தையும் அளந்து காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளின் எண்கள் காரணத்தைச் சொல்லிவிட்டன. ப்ராசசர் 90 டிகிரியில் முட்டி நிற்கிறது. அதற்குள் வேலை செய்யும் ஆறு கோர்களும் 3.9 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடுகின்றன. இரவில் அதே வேலைக்கு 4.25, 4.3 வரை போகின்றன. 5600-க்கு ஏஎம்டி வைத்திருக்கும் வெப்ப எல்லை 90 டிகிரிதான். அதைத் தொட்டதும் ப்ராசசர் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் விசிறி, ஏசி போட்ட அறையில் இதைச் சமாளித்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே அதற்கு மூச்சு முட்டுகிறது.

ஆகவே தம்பியிடம் சொன்னேன்: "முதல்ல இருக்கிற வேகத்தை இழக்காம வைப்போம். அப்புறம்தான் ஏத்துறது." இந்த ஊர் வெயிலில் ஓவர்கிளாக் செய்ய நினைக்கிற யாருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். வோல்டேஜை ஏற்றிக் கிடைக்கும் வேகத்தை வெப்பம் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். வோல்டேஜைக் குறைத்துக் கிடைக்கும் வேகம் நிலைத்து நிற்கும்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ப்ராசசர் தின்னும் மின்சாரம் அதன் கடிகார வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது. 1.2 வோல்ட்டில் ஓடுவதை 1.1 வோல்ட்டில் ஓட வைத்தால், வேகம் குறையாமலே 16 சதவீதம் மின்சாரம் மிச்சம். அந்த மிச்சம் அத்தனையும் வெப்பமாக வெளியேறியிருக்க வேண்டியது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: கடைசி 200 மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜை ஏற்றும்போது வேகம் நாலைந்து சதவீதம் கூடும், வெப்பம் அதைப்போல் பல மடங்கு கூடும்.

எதை ஏற்றலாம், எதை ஏற்ற முடியாது

பழைய காலத்துக் கதைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய எதிர்பார்க்கிறார்கள். 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர். போர்டின் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 ஆக மாற்றினால் போதும், 450-இல் ஓடும். பாதிக்குப் பாதி வேகம் சும்மா கிடைத்தது. 2011-இல் வந்த ஐ5 2500கே-யும் 3.3-இலிருந்து 4.5 வரை சர்வசாதாரணமாகப் போனது. அந்த நாட்களில் தொழிற்சாலை நிறைய இடம் விட்டு வைத்திருந்தது. இன்றைய ப்ராசசர்கள் வெப்பத்தையும் மின்சாரத்தையும் நொடிக்குப் பலமுறை அளந்து, முடிந்த மட்டும் தாங்களே ஏறிக்கொள்கின்றன. நாம் ஏற்றுவதற்கு மிச்சம் வைப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைப் பதமாக எடுக்க வேண்டும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இன்டெல்லில் பெயருக்குப் பின்னால் 'கே' உள்ள ப்ராசசரும், 'இசட்' வரிசை போர்டும் சேர்ந்தால்தான் மல்டிபிளையரை (அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கி வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணை) ஏற்ற முடியும். 'பி' வரிசை போர்டில் கே ப்ராசசரைப் போட்டு வைத்திருப்பவர்களை இங்கே நிறையவே பார்க்கிறேன். கூடுதலாகக் கொடுத்த காசு வீண். ஏஎம்டி ரைசனில் ஏறக்குறைய எல்லா ப்ராசசரும் திறந்தவைதான், 5800எக்ஸ்3டி மாதிரி சில விதிவிலக்குகள் தவிர. ஆனால் போர்டு இடம் கொடுக்க வேண்டும். பி450, பி550, எக்ஸ்570 கொடுக்கும். ஏ320, ஏ520 ப்ராசசர் ஓவர்கிளாக்குக்கு உரியவை அல்ல. தம்பியின் போர்டு ஏ520. அவரிடம் விற்ற கடை இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: ஓவர்கிளாக்கினால் வரும் சேதத்துக்கு ஏஎம்டியின் உத்தரவாதம் கிடையாது. மின்சார எல்லையைத் தளர்த்தி ப்ராசசரை மேலே போக விடும், பிபிஓ எனப்படும் அவர்களுடைய சொந்த வசதியை நாமே திறந்தாலும் அதே நிபந்தனைதான்.

முதலில் எர்த்

பொருள் வாங்கப் பட்டியல் போடுவதற்கு முன்னால் வேறொரு வேலை வந்துவிட்டது. கேஸின் பின்பக்கத் தகரத்தைத் தொட்டபோது விரலில் சுறுசுறுவென்று கரன்ட் ஓடியது. தம்பி சாதாரணமாக, "அது எப்பவும் அப்படித்தான்ணே, செருப்புப் போட்டுக்குவேன்" என்றார். அவருடைய அம்மாவும் அதையே சொன்னார்.

இது சாதாரணமில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் வாயிலிலும் ஒரு வடிகட்டி இருக்கிறது. அதில் லைவிலிருந்து எர்த்துக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று என்று சின்ன மின்தேக்கிகள் இருக்கும். எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால் இவற்றின் வழியே கசியும் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேஸ் முழுவதும் 230 வோல்ட்டில் பாதியளவு அழுத்தத்தில் மிதக்கும். கசிகிற அளவு மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே ஏதாவது ஒரு வயர் உரிந்து கேஸில் பட்டால், அதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. சாக்கெட்டில் மூன்று ஓட்டைகள் இருந்தன. மூன்றாவதற்குப் பின்னால் கம்பி எங்கேயும் போகவில்லை. பழைய லயங்களில் பின்னாளில் இழுத்த வயரிங்கில் இது அபூர்வமில்லை.

எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கி வைத்தாலும் பாதி பயன்தான். அதிகப்படியாகப் பாயும் மின்சாரத்தை அது எர்த்துக்குத்தான் தள்ளப் பார்க்கும். நம் நாட்டில் மாலை இடி எப்படி விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவர் வந்து எர்த் கம்பி இழுத்து, கம்பத்தை மண்ணில் அடித்து, சுவிட்ச் பெட்டியையும் பார்த்துக் கொடுத்தார். இந்த வேலையை நான் தொடவில்லை. யாரும் தாங்களாகத் தொடக் கூடாது. அதற்கான செலவு ஒரு நல்ல குளிரூட்டியின் விலையைவிட அதிகம். தம்பிக்கு முதலில் மனமில்லை. கேஸைத் தொட்டுப் பார்த்த பிறகு அவரே வீட்டின் மற்ற சாக்கெட்டுகளையும் பார்க்கச் சொன்னார்.

மழை கறுத்தால் ப்ளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, அந்தச் சின்ன இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். ரவுட்டரின் ப்ளக்கும் சேர்த்துத்தான். ஃபைபர் கேபிள் மின்சாரத்தைக் கடத்தாது. ரவுட்டரின் அடாப்டரும், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் நெட்வொர்க் வயரும் கடத்தும்.

பொருட்கள்

பவர் சப்ளைதான் முதலில் மாறியது. பழையதின் லேபிளில் பெரிய எழுத்தில் 600 வாட் என்று போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட் வரிக்கு எத்தனை ஆம்ப் என்று பார்த்துப் பெருக்கினால் 300 வாட்டுக்கும் குறைவு. ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டில்தான். மற்ற வரிகளின் வாட்டைக் கூட்டிக் காட்டுவதில் அர்த்தமில்லை. நல்ல 550 வாட் பவர் சப்ளையில் 12 வோல்ட் வரி மட்டுமே கிட்டத்தட்ட 45 ஆம்ப் கொடுக்கும்.

80 ப்ளஸ் முத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான முத்திரை, தரத்துக்கானது அல்ல. அந்தச் சோதனையை அவர்கள் 23 டிகிரி வெப்பத்தில் செய்கிறார்கள். சுங்கை சிப்புட்டில் விடியற்காலையில்தான் அந்த 23-ஐப் பார்க்கலாம். அதனால் நான் பெட்டியில் வேறொன்றைத் தேடுவேன்: இத்தனை வாட்டை 40 டிகிரியில், அல்லது 50 டிகிரியில் தொடர்ந்து கொடுக்கும் என்ற வரி. அது எழுதியிருக்கிற, 105 டிகிரி தாங்கும் மின்தேக்கிகள் உள்ள ஒரு 550 வாட் ப்ரான்ஸை எடுத்தோம். மின்தேக்கி 10 டிகிரி குறைந்த சூட்டில் வேலை செய்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கைக்கணக்கு. நம் ஊரில் அந்தக் கணக்கு எப்போதும் நமக்கு எதிராகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

குளிரூட்டிக்கு டீப்கூல் ஏகே400. நான்கு வெப்பக் குழாய்கள், ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி, உயரம் 155 மில்லிமீட்டர். கேஸின் அகலம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குளிரூட்டி போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். 5600 மாதிரி 80, 90 வாட் ப்ராசசருக்கு அது தேவையில்லை. பம்ப் நின்றால் தோட்டத்திலிருந்து ஈப்போ வரை காடி எடுத்துக்கொண்டு போக வேண்டும். விசிறி நின்றால் டவுனிலேயே இன்னொரு விசிறி கிடைக்கும். கல்யாணப் படம் கொடுக்க வேண்டிய நாளில் இந்த வித்தியாசம் பெரிது.

போர்டு, பி550. இங்கே கவனிக்க வேண்டியது விஆர்எம் பகுதி, அதாவது பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை ப்ராசசருக்கு ஏற்ற 1 வோல்ட் சொச்சமாக இறக்கும் இடம். ப்ராசசரின் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சதுரக் கட்டிகளும் சில்லுகளும்தான் அது. அதன்மேல் கனமான அலுமினியத் தகடு இருக்க வேண்டும். தகடே இல்லாத போர்டுகளும் பி450, பி550 பெயரில் விற்கின்றன. 5600-க்கு அதுவும் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் 35 டிகிரி அறையில், மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓட்டுகிறவருக்கு நான் அதைக் கொடுக்க மாட்டேன். விளக்கு, வைஃபை, அலங்காரம் எதுவும் எனக்குப் பொருட்டில்லை. விஆர்எம் தகடு, அந்தப் பகுதியின் வெப்பத்தைக் காட்டும் சென்சார், ப்ராசசர் இல்லாமலே பயாஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை) ஏற்றும் பொத்தான், இந்த மூன்றும் இருந்த எம்எஸ்ஐ பி550எம் மோர்ட்டார் ஒன்று பழைய சாமானாக நல்ல நிலையில் கிடைத்தது.

ரேமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே குச்சி போட்டால் ப்ராசசருக்கு ரேமிலிருந்து வரும் பாதை பாதியாகிவிடும். இரண்டு 16 ஜிபி, டிடிஆர்4 3600, சிஎல்18. இரண்டும் ஒரே பெட்டியில் வந்ததாக இருக்க வேண்டும்.

கேஸ் பழையதுதான். முன்பக்கம் கண்ணாடி மூடியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு நைலான் வலையைப் பொருத்தினோம். காற்று உள்ளே வர இரண்டு விசிறி, வெளியே போக ஒன்று. உள்ளே தள்ளுவது அதிகமாக இருந்தால் காற்று வலை வழியாக மட்டுமே நுழையும்; செம்பனை லாரி போகும் சாலையோரத்துச் செம்மண் தூசு மற்ற சந்துபொந்துகள் வழியாக உள்ளே இழுபடாது. மாதம் ஒருமுறை வலையைக் கழற்றித் தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

கழற்றும்போது

5600 மாதிரி ஏஎம்4 சாக்கெட் ப்ராசசரைக் கையாள்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். இதில் ஊசிகள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன, 1331 ஊசிகள். வெப்பத்தைக் கடத்த இடையில் தடவிய பேஸ்ட் காய்ந்து, ப்ராசசரைக் குளிரூட்டியோடு ஒட்டிவைத்திருக்கும். திருகுகளைக் கழற்றிவிட்டு நேராக மேலே இழுத்தால், சாக்கெட்டின் பூட்டு பூட்டியபடியே இருக்க, ப்ராசசர் குளிரூட்டியோடு பிடுங்கிக்கொண்டு வரும். ஊசிகள் வளையும்.

செய்ய வேண்டியது: கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைக் கால் மணி நேரம் சுமை கொடுத்து ஓட்டுங்கள். பேஸ்ட் இளகும். அணைத்து, ப்ளக்கை உருவி, திருகுகளைக் கழற்றி, குளிரூட்டியை இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்புங்கள். பிடி விட்ட பிறகே தூக்க வேண்டும். அவசரமே கூடாது. ஸ்டெல்த் விசிறியின் திருகுகளைக் கழற்றியதும் போர்டின் பின்பக்கப் பலகை விழுந்துவிடும். ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அதே பலகைதான் புதிய குளிரூட்டிக்கும் வேண்டும்.

பழைய பேஸ்டை பார்மசியில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். புதிய பேஸ்ட் நடுவில் பயறு அளவு, நான்கு மூலைக்கும் நான்கு புள்ளி. அவ்வளவு போதும்.

போர்டை மாற்றுவதற்கு முன்னால், பழைய ஏ520-இலேயே குளிரூட்டியை மட்டும் போட்டு மதியத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டேன். எது எவ்வளவு கொடுக்கிறது என்று தனித்தனியே தெரிய வேண்டுமே. வெறும் குளிரூட்டியால் 52 நிமிடம் 47 ஆனது, அதாவது இரவு வேகம் மதியத்துக்கும் வந்துவிட்டது. வெப்பம் 90-இலிருந்து 74-க்கு இறங்கியது. இரட்டை ரேம் போட்டதும் 45. இதுவரை ஓவர்கிளாக் என்று எதுவும் செய்யவில்லை. கையில் காசு குறைவாக உள்ளவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கிடைக்கக்கூடிய பலனில் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது.

பயாஸுக்குள்

புதிய போர்டுக்கு மாறியதும் முதலில் பயாஸை அப்டேட் செய்தேன். அப்புறம் எதையும் தொடாமல், ப்ராசசரின் வேகத்துக்கு மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23 ஓட்டி, 10,900 என்று குறித்துக்கொண்டேன். இந்த அடிப்படை எண் இல்லாமல் எதை மாற்றினாலும் குருட்டு வேலையாகிவிடும்.

எல்லா கோர்களையும் ஒரே வேகத்தில் கட்டிப்போடும் பழைய முறை இருக்கிறது: 4.5 ஜிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்ட் என்று எழுதிவிடுவது. ரைசனுக்கு அதை நான் விரும்புவதில்லை. ஒன்றிரண்டு கோர் மட்டும் வேலை செய்யும்போது ப்ராசசர் அதைவிட மேலே போகும். கட்டிப்போட்டால் அது போய்விடும். எடிட்டிங்கில் டைம்லைனை இழுத்து நகர்த்தும் வேலைக்கு அந்த ஒற்றைக் கோர் வேகம்தான் கைக்குத் தெரியும். அதோடு, சும்மா இருக்கும்போதும் முழு வோல்டேஜ் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே பிபிஓவும் கர்வ் ஆப்டிமைசரும். கர்வ் ஆப்டிமைசர் 5000 வரிசையில் வந்த வசதி. ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு வோல்டேஜ் என்று தொழிற்சாலை போட்டு வைத்த வளைகோட்டை, ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாகக் கீழே இறக்கலாம். மைனஸ் 30 வரை போகலாம். ஒரு படிக்கு 3-இலிருந்து 5 மில்லிவோல்ட். வோல்டேஜ் குறைந்தால் வெப்பமும் மின்சாரமும் மிச்சமாகும். ப்ராசசர் அந்த மிச்சத்தைத் தானே வேகமாக மாற்றிக்கொள்ளும்.

5600-இன் மின்சார எல்லை தொழிற்சாலை அளவில் 76 வாட். அதை 100 ஆக்கிப் பார்த்தேன், 85 ஆக்கியும் பார்த்தேன். 100-இல் வெப்பம் 6 டிகிரி கூடுகிறது, ஹேண்ட்பிரேக்கில் ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை. 85-இல் நிறுத்தினேன். பூஸ்ட் எல்லையில் 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டினேன். வெப்ப எல்லையை 90-இலிருந்து 85 டிகிரிக்கு இறக்கிவைத்தேன், விசிறியில் என்றாவது தூசு அடைத்தாலும் தாங்கட்டும் என்று. ஸ்கேலர் என்று ஒரு செட்டிங் இருக்கும். அதைத் தொட வேண்டாம். உயர்ந்த வோல்டேஜில் அதிக நேரம் நிற்க விடுவது அது.

பிறகு கர்வ். எல்லா கோருக்கும் மைனஸ் 10-இல் ஆரம்பித்து ஐந்தைந்தாக இறக்கினேன். ரைசன் மாஸ்டர் மென்பொருளில் சிறந்த கோர் எதுவென்று நட்சத்திரக் குறி இருக்கும். அந்தக் கோர்கள்தான் அதிகம் இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. அவற்றுக்கு ஏற்கெனவே குறைந்த வோல்டேஜ்தான் ஒதுக்கியிருக்கிறது, உச்சிக்குப் போவதும் அவைதான். கொஞ்சம் இறக்கினாலே தடுமாறும். இந்த ப்ராசசரில் சிறந்த இரண்டு கோர்கள் மைனஸ் 12-இல் நின்றன, மற்ற நான்கும் மைனஸ் 25-ஐத் தாங்கின. உங்கள் ப்ராசசரில் எண்கள் வேறாக இருக்கும். இதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

சோதிப்பதில்தான் பொறுமை வேண்டும். சினிபெஞ்சை அரை மணி நேரம் தாண்டிவிட்டது, ப்ரைம்95-உம் தாண்டிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. முழுச் சுமையில் ப்ராசசர் 4.5-இல்தான் ஓடுகிறது, அங்கே வோல்டேஜ் தாராளம். ஆபத்து இருப்பது சும்மா இருக்கும்போது. யாரும் தொடாத நேரத்தில் ஏதோ ஒரு சின்ன வேலைக்காக ஒரு கோர் மட்டும் சட்டென்று 4.6-க்கு மேல் எகிறும். அந்தக் கணத்தில் வோல்டேஜ் பற்றாமல் போனால் திரை கறுத்துத் தானே ரீஸ்டார்ட் ஆகும். மைனஸ் 20-இல் இருந்த சிறந்த கோர் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுத்தது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர், எண் 18 என்று பதிவாகியிருக்கும். எந்தக் கோர் என்று கண்டுபிடிக்க உதவும் அடையாள எண்ணும் அதிலேயே இருக்கும். கோர்சைக்ளர் என்ற இலவச ஸ்கிரிப்ட், கோர் கோராக ஒற்றைச் சுமை கொடுத்துச் சோதிக்கும். அதை இரவு முழுக்க ஓடவிட்டு, விழுந்த கோரை மூன்று நான்கு படி மேலே ஏற்றி, மறுபடி ஓடவிட வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுப்பது தப்பு. ஒரு குடும்பத்தின் தாலி கட்டும் காட்சி எடிட் ஆகிக்கொண்டிருக்கும்போது கறுத்துப்போகக் கூடாது.

எச்டபிள்யூஇன்ஃபோவில் லேசான வேலையின்போது 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பயப்படாதீர்கள். ஒரு கோர் கண நேரம் எகிறும்போது அது இயல்பு. அப்போது ஓடும் ஆம்ப் மிகக் குறைவு. எல்லா கோர்களும் முழுச் சுமையில் இருக்கும்போது, மணிக்கணக்கில் அதே வோல்டேஜைக் கொடுத்தால்தான் சிலிக்கான் தேயும். வோல்டேஜ் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு 2024-இல் பெரிய உதாரணமே கிடைத்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜைத் தாங்களே கேட்டு வாங்கிப் பழுதாயின. இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி கட்டுப்படுத்தியது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. யாரும் ஓவர்கிளாக் செய்யாமலே நடந்தது அது. அந்த வரிசை ப்ராசசர் வைத்திருப்பவர்கள் எதையும் ஏற்றுவதற்கு முன் பயாஸ் அப்டேட்டைப் போட்டுவிடுங்கள்.

ரேமுக்கு எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை, அதாவது தயாரிப்பாளர் ரேமிலேயே எழுதி வைத்த வேக அமைப்பைத் திறந்தால் 3600-இல் 1.35 வோல்ட்டில் ஓடும். இதுவும் ஓவர்கிளாக்தான், 5600-க்கு ஏஎம்டி சொல்லும் அளவு 3200 வரைதான். 3600-இல் ரேமின் கடிகாரமும் ப்ராசசருக்குள் பகுதிகளை இணைக்கும் ஃபேப்ரிக்கின் கடிகாரமும் 1800 மெகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கொன்றாக ஓடும். அதற்கு மேலே 4000 என்று விலை கொடுத்து வாங்கினால் பெரும்பாலான ப்ராசசர்களில் இந்த ஜோடி பிரிந்து, தாமதம் கூடிவிடும். குச்சிகளை ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் போட வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவில் ஓட்டினோம், ஒரு பிழையும் இல்லை. ரேமில் ஒரு பிழை வந்தாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டர் கறுத்துப்போகாது, ஃபைலைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

எங்கே வந்து நின்றது

சினிபெஞ்ச் 10,900-இலிருந்து 11,700. முழுச் சுமையில் ஆறு கோர்களும் 4.5 ஜிகாஹெர்ட்ஸ், ஒற்றைக் கோர் 4.6-க்குச் சற்று மேலே. மதியம் இரண்டு மணிக்கு அதே ஹேண்ட்பிரேக் வேலை 43 நிமிடம், ப்ராசசர் 77 டிகிரி, விஆர்எம் 60-ஐத் தாண்டவில்லை. விசிறிச் சத்தம் முன்பைவிடக் குறைவு. பக்கத்து அறையில் தம்பியின் தங்கை படிக்கிறாள், அவளுக்கு இதில்தான் அதிக சந்தோஷம்.

5 ஜிகாஹெர்ட்ஸ் கிடைக்கவில்லை. 5600-இல், காற்றுக் குளிரூட்டியில், தினசரி ஓட்டத்துக்கு அது கிடைக்காது. தம்பிக்கு எண்களைக் காட்டினேன்: 52-இலிருந்து 43-க்கு வந்த ஒன்பது நிமிடத்தில், குளிரூட்டி ஐந்து, ரேம் இரண்டு, ஓவர்கிளாக் இரண்டு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப என் கூட்டாளி கம்ப்யூட்டருக்கும் முதல்ல விசிறிய மாத்தச் சொல்லணும்" என்றார்.

செட்டிங் முழுவதையும் பயாஸில் ப்ரொஃபைலாகச் சேமித்திருக்கிறேன். ஆனால் பயாஸ் அப்டேட் செய்தால் பழைய ப்ரொஃபைல் பெரும்பாலும் செல்லாது. அதனால் கோர் வாரியான கர்வ் எண்கள், 85 வாட், 85 டிகிரி, ரேம் வேகம் எல்லாவற்றையும் தாளில் எழுதி கேஸின் பக்கக் கதவுக்கு உள்ளே ஒட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டர் எப்போதாவது திரையே வராமல் நின்றால், ப்ளக்கை உருவிவிட்டு க்ளியர் சிமாஸ் ஊசிகள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவரால் சில நொடி தொட வைத்தால் தொழிற்சாலை அளவுக்குத் திரும்பிவிடும். அந்த ஊசிகள் போர்டில் எங்கே இருக்கின்றன என்று அதே தாளில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.